தர்ஷிகாவின் கன்னம்

நாகர்கோவிலிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்த சபை வாலிபர் குழுவில் ஷெர்லின்தான் கதை சொல்கிறவள். கறுப்புத் துணியில் வெட்டிய இருதயத்தைத் தூக்கிப் பிடித்து, "இதுதான் பாவம். கழுவலைன்னா போகாது" என்று பிள்ளைகளுக்குக் காட்டினாள். வந்த கையோடு பிள்ளைகளைப் பாவியாக்குகிறார்களே என்று யோகேஸ்வரி டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மதியம் சோறு தின்றுகொண்டிருந்த சின்னப்பிள்ளை தர்ஷிகாவின் கன்னத்தைத் தடவி, ஷெர்லின் தன் தோழியிடம் சொன்னாள்: "பாவம்ட்டி இவ. பாத்தாலே அழுகை வருது."

சற்று நேரத்தில் தர்ஷிகாவைக் காணவில்லை. டீச்சர் தேடிப் போனபோது குழாயடியில் நின்றிருந்தாள். சவுக்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கன்னம் கன்றிப்போயிருந்தது.

"இன்னும் இருக்கா டீச்சர்? அந்த அக்கா தொட்டுப் பாத்துப் பாவம்னு சொன்னாங்களே."

யோகேஸ்வரிக்கு உச்சந்தலை கொதித்தது. நுரை வழியும் முகத்தைத் துடைத்துவிட்டு, பிள்ளையைக் கையோடு இழுத்துப் போய் ஷெர்லின் முன்னால் நிறுத்தினாள்.

"எந்த இடத்துல இருக்குன்னு இவளுக்குக் காட்டுங்க. நீங்கதானே தொட்டுப் பாத்துச் சொன்னீங்க."

ஷெர்லினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிவந்த கன்னத்தைப் பார்த்ததும் அவள் முகம் இளகியது. "அய்யோ, பா..." என்று வாயெடுத்தாள்.

சவுக்கார நுரை காயாத கையால் யோகேஸ்வரி அந்த வாயைப் பொத்தினாள்.