ஹென்னிங் இல்லாத முதல் நாள்

"தம்பி, பயமா இருந்தா வீட்டுக்குப் போயேன். இந்தத் தூறல்ல உட்கார்ந்து எதுக்கு நடுங்கிக்கிட்டிருக்கே?"

டோர்தே கேட்டதும் பெஞ்சின் மறுமுனையில் இருந்த இளைஞன் திடுக்கிட்டான். மழைக்கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தான். மடியில் ஒரு காகிதப் பை. கண் மட்டும் எதிரே இருந்த மலை ரயிலை விட்டு அகலவில்லை. மரச்சட்டங்களால் மலைபோல் எழுப்பி, மேலே இழுத்துப்போய்க் கீழே உருட்டிவிடும் பழைய ரயில் அது. கோபன்ஹேகனுக்கு வருகிறவர்கள் ஃப்ரிடலுண்ட் பூங்காவுக்கு வருவதே அதற்காகத்தான்.

"போக முடியாது அக்கா. இன்னைக்கு ஏறித்தான் ஆகணும். இன்னைக்கு ஏறலைன்னா இனி எப்பவுமே ஏற முடியாது."

டோர்தேயும் ஏறித்தான் ஆக வேண்டும். "மலை ரயில்ல ஏறாம வந்தியோ, தலைநகரத்துக்குப் போனேன்னு எங்ககிட்ட சொல்லாதே" என்று சொந்த ஊரான திஸ்டட்டில் அவளோடு ரொட்டிக் கடையில் வேலை பார்ப்பவர்கள் சீண்டி அனுப்பியிருந்தார்கள். மற்ற எல்லாவற்றையும் மூன்று நாளில் பார்த்தாயிற்று. இதை மட்டும் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தாள். காரணம் வேறென்ன, பயம்தான். தன்னைவிடப் பயந்த ஒருவன் கிடைத்ததில் கொஞ்சம் தெம்பு வந்தது.

"உன் பேரென்ன?"

"ராஸ்முஸ்."

"உங்க ஊர்ல எல்லாமே வெறும் பேச்சுதான் ராஸ்முஸ். கடற்கன்னி சிலை, கடற்கன்னி சிலைன்னாங்க. போய்ப் பார்த்தா எங்க கடை மாவு மூட்டை அதைவிட உயரம். வட்டக் கோபுரத்துல ஏறினா படியே இல்ல. சாய்வுப் பாதையிலேயே சுத்திச் சுத்தி நடக்க விட்டுட்டாங்க. அரண்மனைக் காவல்காரன் கரடித்தோல் தொப்பிக்குள்ள தூங்குறான். இந்த ரயில் மட்டும் என்ன பெரிய..."

அதற்குள் தரை அதிர, கடகடவென்று காலிப் பெட்டிகள் மேடைக்கு வந்து நின்றன. டோர்தேயின் பேச்சு பாதியில் நின்றுபோனது.

"இதுக்கு முன்னாடி நீ ஏறியிருக்கியா?"

"பத்து நாள் ஏறினேன். அப்பல்லாம் பக்கத்துல ஹென்னிங் இருந்தார். எனக்கு நடுக்கம் வந்தா அவர் கையைத் தூக்கி என் கைமேல வெச்சிடுவார். பயமெல்லாம் போயிடும்."

"அவர் இன்னைக்கு வரலையா?"

ராஸ்முஸ் தலையைக் குனிந்துகொண்டான். "போயிட்டார் அக்கா. வியாழக்கிழமை."

"அடப் பாவமே! என்ன வயசு?"

"அறுபத்தேழு. எல்லாரும் கூடி வழியனுப்பி வெச்சோம். கொடி, பூ, காபி, கேக்... அவருக்குப் பிடிச்ச பாட்டெல்லாம் பாடினோம்."

டோர்தேயின் அப்பா இறந்தபோது அவரையும் கொடி, பூ, காபி, கேக், பாட்டு என்று இப்படித்தான் அனுப்பி வைத்தார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கடைசியா என்னப்பா சொன்னார்?"

"'நான் இல்லாம ஏறு. அப்பத்தான் நீ தேறுவே'ன்னார்."

"பெரிய மனுஷன். சரி, உனக்கு எதுல பயம்? சொல்லு."

"இந்தக் கையிலதான். பயம் வந்தா இறுக்கிப் புடிச்சுக்குவேன். அப்புறம் விடவே வராது. போன வாரம்கூடப் பின்னாடி இருந்தவங்க எல்லாம் திட்டினாங்க."

"அட, நீ எதுக்குப் பயப்படறே? ரயில் நடுவுல ஒருத்தன் பிரேக் புடிச்சுக்கிட்டே வருவானாமே. அத்தனை பேர் உசிரும் அவன் கையிலதான். பயப்படறதா இருந்தா அவன் பயப்படட்டும்!"

ராஸ்முஸின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆறுதல் சொல்லப்போய் இன்னும் மோசமாக்கிவிட்டோமே என்று டோர்தே பதறிப்போனாள்.

"இங்க பாரு, என் தங்கச்சி ஒரு வழி சொல்லிக் கொடுத்தா. நானும் அதைத்தான் செய்யப்போறேன். எதையும் புடிக்காதே. உச்சிக்குப் போனதும் கண்ணை இறுக்கி மூடிக்கோ. ரெண்டு கையையும் மேல தூக்கிடு. தொண்டை கிழியக் கத்து. அவ்வளவுதான், ரயில் தானா கீழ போய்ச் சேர்ந்துடும்."

"நெஜமாவா? தானா போயிடுமா?"

"போகாம பின்னே? ஹென்னிங்கை நெனச்சுக்கிட்டு செய். ஒண்ணும் ஆகாது."

மணி அடித்தது. மேடையை நோக்கிக் கூட்டம் நகர்ந்தது.

"நீங்க முன்னாடி போங்க அக்கா. வந்துடறேன்" என்றான்.

டோர்தே ஏறி உட்கார்ந்ததும் இரும்புப் பட்டை மடிமேல் இறங்கிப் பூட்டிக்கொண்டது. இனி இறங்க முடியாது. பெட்டி குலுங்கி நகரும்போது பெஞ்சை எட்டிப் பார்த்தாள். மழைக்கோட்டு மட்டும் கிடந்தது.

'ஓடிட்டானா? அவ்வளவு சொல்லியும்!'

தனியாக மாட்டிக்கொண்டதை நினைத்ததும் இரும்புப் பட்டையை இறுகப் பற்றிக்கொண்டாள். பெட்டிகள் மேலே மேலே போயின. கோபுரங்களெல்லாம் கீழே இறங்கிவிட்டன. உச்சி வந்தது. முன்னால் தண்டவாளமே தெரியவில்லை, வானம்தான் தெரிந்தது.

"அக்கா!"

பின்னாலிருந்து குரல். திரும்பினாள். ரயிலின் நடுவே, உயரமான தனி இருக்கையில், பித்தளைப் பொத்தான் வைத்த சிவப்புச் சட்டையும் தொப்பியுமாக ராஸ்முஸ். அவன் முழங்கால்களுக்கு நடுவே பிரேக் கம்பி.

"ஹென்னிங் ரிட்டயராகிப் போனப்புறம் இன்னைக்குத்தான் தனியா ரயிலை ஓட்டறேன். நீங்க சொன்ன மாதிரியே செய்றேன், பாருங்க அக்கா!" என்றவன், கண்களை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கினான்.