ஒரிஜினல் துரு

பழைய ஆயில் என்ஜின்களைத் தேடி வாங்கி ஓட்டிப் பார்ப்பது அருள்பாண்டி அண்ணனின் பைத்தியம். பழங்காநத்தம் வீட்டின் பின்னறையில் லேத் போட்டு, அவற்றுக்கு உதிரிபாகம் கடைவது என் பைத்தியம்.

பொங்கலுக்கு, அவருடைய எண்பது வயது என்ஜினுக்காக நான் கடைந்து நீட்டிய புல்லியை அவர் மாட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"டூப்ளிகேட்டை என் என்ஜின் பக்கமே கொண்டாராத தம்பி" என்று தள்ளிவிட்டார்.

இன்று துண்டில் சுற்றிய ஒரு புல்லியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார்.

"ஒரிஜினல் தம்பி! மேலூர்ல பழைய இரும்புக் கடையில கெடந்துச்சு. அம்புட்டு கச்சிதமா உக்காந்துருச்சு. நீ கடைஞ்சிருந்தா நூலளவாவது ஆடும்."

"ஆடும்ணே."

"இந்தத் துருவைப் பாரு. எண்பது வருசத் துரு. உன்னால கொண்டுவர முடியுமா?"

"சத்தியமா என்னால முடியாதுண்ணே."

காபியைக் குடித்துவிட்டு, எனக்கு லேத் ஓட்டவும் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

கதவைச் சாத்திய என் மனைவி தமிழ்ச்செல்வி இடுப்பில் கை வைத்தாள்.

"ஏங்க, அது பாத்ரூமுக்குப் பின்னாடி புதைச்சு வச்சிருந்து, போன வாரம் நீங்க மேலூர் கடையில குடுத்ததுதானே?"

"அதேதான். அவரு வேணாம்னு தள்ளுன அதே புல்லி."

"அப்புறம் எதுக்கு முடியாதுன்னு பொய்ச் சத்தியம் பண்ணுனீங்க?"

"பொய் எங்க சொன்னேன்? ஆறு மாசமா அன்னாடம் உப்புத்தண்ணி ஊத்துனது நீதானே!"