இடிக்கப்போகிற சுவர்

காவாந்தண்டலத்தில் செய்யாற்றங்கரையில் மூடிக்கிடக்கும் அரிசி ஆலையை இடித்துவிட்டு வீடு கட்டி விற்கப்போகிறார்கள். இங்கே வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறும் என்று பார்த்துச் சொல்ல வந்திருக்கும் ஜெயப்பிரியா, நெல் காயவைத்த களத்தின் நடுவில் நின்று மூக்கைச் சுளிக்கிறாள். ஈரச் சுண்ணாம்பு நெடி. இடிக்கப்போகிற சுவருக்கு எவனாவது வெள்ளையடிப்பானா? “இங்க தண்ணி வந்ததே கெடயாது மேடம்,” என்று மறுபடியும் சொல்கிறான் இடத்துக்காரரின் ஆள் கலைச்செல்வன். “ஆறு எங்கியோ கீது, நாம எங்கியோ கீறோம். எளநி சாப்புடுங்க.” அவள் இளநீரை வாங்கி, குடிக்காமல் தரையில் வைக்கிறாள். காலை வெயில் பட்டுச் சுவர் கண்ணைக் கூசவைக்கிறது. கையால் மறைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறாள். வெள்ளை அவள் தோளுயரத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே பழைய தவிட்டுத் தூசி, ஒட்டடை. ஆலைச் சுவர், மோட்டார் கொட்டகை, காவல்காரர் அறை எல்லாவற்றிலும் நூல் பிடித்தாற்போல் அதே உயரம். எங்கோ ஒரு மைனா கத்துகிறது. “மேல ஏன் அடிக்காம வுட்டுட்டீங்க?” என்று மெதுவாகக் கேட்கிறாள். “மேலதான் கறையே இல்லியே மேடம்!” என்கிறான் அவன் சட்டென்று. பிறகு ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். ஜெயப்பிரியா அளவுகோலை எடுத்துச் சுவரோரம் நிறுத்துகிறாள்.