கிணற்றுப் படம்

சூளகிரி டூரிங் கொட்டகைக்கு அந்தப் படம் வந்த வாரத்தில்தான் வெங்கடப்பனுக்கு ஊரில் வாழ வழியில்லாமல் போனது. படத்தில் கணவன் மனைவியைக் கிணற்றில் தள்ளிவிட்டு, கால் தவறி விழுந்துவிட்டாள் என்று அழுவான். வெங்கடப்பனின் மனைவி நாகம்மா போன தை மாதம்தான் கிணற்றில் விழுந்து செத்திருந்தாள்.

முதலில் மண்ணை வாரித் திரையின் மேல் தூற்றியவள் அவனுடைய அண்ணி செல்வம்மாள். "எங்க நாகம்மாளும் இப்பிடித்தானே போனா" என்று அவள் அழுதபோது, கொட்டகையே அவனைத் திரும்பிப் பார்த்தது.

"நான் தள்ளல அண்ணி. உங்களுக்குத் தெரியாதா?" என்று கெஞ்சினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து யாரும் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. எட்டாம் நாள், தன் பங்கு மாந்தோப்பை அண்ணன் பேருக்கு எழுதிவைத்துவிட்டு பெங்களூர் பஸ் ஏறினான்.

பஸ் போவதைப் பார்த்து நின்ற பள்ளிக்கூட வாத்தியார் செல்வம்மாளிடம் வருத்தப்பட்டார்.

"சினிமாவுக்காகக் கதையையே மாத்திட்டாங்கம்மா. நாவல்ல தள்ளுறது புருசன் இல்ல, ஓரகத்தி."

செல்வம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அந்தப் பொஸ்தகம் ஊருல வேற யாருகிட்டயாச்சும் இருக்குதுங்களா வாத்தியாரே?"

"என்கிட்ட மட்டும்தாம்மா இருக்குது."

"குடுங்க, படிச்சிட்டுத் தரேன்" என்றாள், தன் பெயரைக்கூட எழுதத் தெரியாத செல்வம்மாள்.