எஞ்சினுக்கு எங்கே வலி?

"எஞ்சின் லைட் எரியுதுன்னா வண்டியைத் தொடவே கூடாதுப்பா. பேசாம இப்படியே நிறுத்தி வச்சிடுங்க," என்றான் மகன்.

அப்பா கேட்கிற ஆளா? ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக எரிந்த அந்தக் குட்டி எஞ்சின் படத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். ஆயுசு முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே குடும்பம் நடத்திய பல் டாக்டர் அவர். ஓய்வு பெற்றபின் திறக்க ஒரு வாய் கிடைக்காமல் தவித்தவருக்கு இன்று கார் பானெட் வாகாக மாட்டிக்கொண்டது.

"எங்க வலிக்குதுன்னு பார்க்காமலே பல்லைப் பிடுங்கச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய், காரில் என்ன கோளாறு என்று காட்டும் ஸ்கேனரை இரவல் வாங்கி வந்தார்.

போன மாதம் அவர் காரை உள்ளே கொண்டுவரும்போது கேட் தூணில் இடித்துவிட்டார். முன்விளக்கு நொறுங்கிப்போனது. தெருவே வேடிக்கை பார்க்க, வயசான காலத்தில் இதெல்லாம் தேவையா என்று மகன் கத்தித் தீர்த்தான். அப்பா உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டார். ஆனால் அடுத்த வாரமே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஊரின் மறுகோடியில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் நண்பரோடு செஸ் ஆடாவிட்டால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. அவர் திரும்பி வரும்வரை மகனுக்கும் இறங்காது. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருப்பான்.

நாளைக்கு மறுபடியும் செஸ் நாள். அதற்குள் இந்த லைட்.

ஸ்டியரிங்குக்கு அடியில் ஸ்கேனரைச் செருகியதும், எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கிற சென்சாரிலிருந்து தகவலே வரவில்லை என்று எழுத்து ஓடியது. அப்பா பீரோவைக் குடைந்து, பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்து வந்து பானெட்டுக்குள் தலையை விட்டார். டார்ச் பிடிக்கிற வேலை மகனுக்கு.

வலது பக்கம் காட்டச் சொன்னால் வெளிச்சம் இடது பக்கம் போனது. உனக்கும் கை நடுங்க ஆரம்பித்துவிட்டதா என்று அப்பா கிண்டலடித்தார். மகன் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் துழாவிப் பார்த்துவிட்டு அவர் பெருமூச்சு விட்டார். "அன்னிக்கு இடிச்சேன்ல, அதுலதான் ஏதோ கழண்டிருக்கும். நீ திட்டினதுல தப்பே இல்லடா. நான்தான் வீம்பு பிடிச்சேன்."

மகன் கூனிக் குறுகிப் போனான். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைக்கு, தகப்பனை மன்னிப்புக் கேட்க வைத்தோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "போதும்பா, விட்டுடுங்க," என்றான். அது அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அப்பா கண்ணாடியை ஏர் ஃபில்டருக்குப் பின்னால் நுழைத்தார். அப்படியே அசையாமல் நின்றார். பிறகு கையை விட்டு என்னவோ செய்தார். டக்கென்று எதுவோ பொருந்துகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து மகனைப் பார்த்தார். மகன் டார்ச்சைப் பார்த்தான்.

காரில் உட்கார்ந்து ஸ்கேனரில் பழைய கோளாறுப் பதிவை அழித்ததும் மஞ்சள் விளக்கு அணைந்தது.

"கண்டுபிடிச்சிட்டீங்களா மாமா?" வீட்டு ஜன்னல் வழியே மருமகள் கேட்டாள்.

"எலி வேலைம்மா. ஒயரைப் பிடுங்கி விட்டிருந்தது. மாட்டிட்டேன்."

முதல் வேலையாக ஒரு எலிப்பொறி வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள். அப்பா இறங்கி வந்து கார் சாவியை மகனின் சட்டைப் பையில் போட்டார். "நாளைக்கு நீயே ஓட்டுடா. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

மகன் நிமிரவில்லை. அப்பா அவன் காதருகே குனிந்தார்.

"ஆனா ஒண்ணுடா, நல்ல வீட்டுல வளர்ந்த எலி. பிடுங்கின பிளக்குல தூசி படக்கூடாதுன்னு, பாலிதீன் கவர் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டுட்டுப் போயிருக்கு."