பதிவாகாத பாட்டு

வளவனின் ராக் இசைக்குழுவுக்கு இருபத்தைந்து வயதாகிறது. ஒவ்வொரு ஆல்பத்தையும் சேலம் அம்மாபேட்டையில், தறிச்சத்தம் ஓய்ந்த பிறகுதான் பதிவு செய்வார்கள். அன்று மாலை திருச்செங்கோட்டுக் கல்லூரி விழாவில், காலையில் எழுதிய புதுப்பாட்டை அவன் பாடினான். வேலைக்காக முதன்முறையாகப் பெங்களூர் கிளம்பிய மகள் கயல்விழிக்காக எழுதியது. குழுவைத் தவிர வேறு யாரும் அதைக் கேட்டதில்லை, பதிவும் செய்யவில்லை.

இரண்டாம் வரியிலேயே மாணவர்கள் கூடப் பாடத் தொடங்கினார்கள். வளவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் எழுதியிருந்தது ஒரே ஒரு சரணம். அதைப் பாடி முடித்து அவன் நிறுத்திய பிறகும் கூட்டம் இன்னொரு சரணத்தைப் பாடியது. அதில், ஊருக்குப் போன பெண் வீடு திரும்பவில்லை.

டிரம்ஸ் வாசிக்கும் செங்கோடன் குச்சிகளை இறக்கிவிட்டு, “இத எப்பங்க எழுதுனீங்க?” என்றான்.

வளவன் மேடையிலிருந்தே மகளுக்குப் போன் போட்டான். உடனே எடுத்தாள்.

“எங்க சாமி இருக்கற?”

“பஸ்ஸு தொப்பூர்ல மலை ஏறுதுங்கப்பா. இங்க உங்க பாட்டுத்தான் ஓடுது.”

“வண்டிய நிறுத்தச் சொல்லு சாமி!”

“பாட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்கப்பா. ரெண்டாவது சரணத்த மட்டும் ஏனுங்க அழுதுட்டே பாடியிருக்கறீங்க?”