லண்டன் பார்த்த தெரு

“நம்ம தெருவுல ஒரு நல்ல மனுசன் இருக்கானாம். லண்டன்ல போட்டிருக்கான்” என்றார் ஷேக் தாவூது. முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

இருபத்திரண்டு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பியவர். உள்ளூர்ப் பத்திரிகையைத் தொடமாட்டார். இந்தியாவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, தினமும் காலையில் செல்போனில் லண்டன் பத்திரிகை படிப்பார்.

“நம்மாளு எழுதுனா ஒண்ணு தூக்கி வெப்பான், இல்ல போட்டு மிதிப்பான். தள்ளி நின்னு பாக்குறவன்தான் உள்ளத உள்ளபடி சொல்லுவான்” என்பது அவர் கட்சி.

போன வாரம் அந்தப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்து, தமிழ் தெரிந்த ஒருத்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இதே தெருவில் வீடு வீடாகப் பேசிவிட்டுப் போனாள். அன்று பார்த்து அவர் திருச்சியில் இருந்தார். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

மகள் ஃபர்ஹா கதவோரம் நின்றிருந்தாள். ரெட்டிபாளையத்தில் ஒரு சிமென்ட் ஆலை ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. சம்மதம் சொல்ல இன்றே கடைசி நாள்.

ஒரு வாரமாக அவர் சொல்வது ஒன்றுதான். “பொம்பளப்புள்ள தெனம் பஸ் ஏறிப் போனா தெரு என்ன பேசும்?”

“என்னதான் போட்டிருக்கு? தமிழ்ல சொல்லுங்களேன்” என்று இடியாப்பத்தை வைத்தாள் மனைவி ஜைனம்பு.

அவர் தமிழாக்கிப் படித்தார். “‘என் கணவர் தங்கமானவர். மகளை வேலைக்கு அனுப்ப ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.’ பேரு போட வேணாம்னு கேட்டுக்கிட்ட ஒரு தாய் சொன்னதாம்.”

“அவ்வளவுதான் போட்டிருக்கா?”

“பின்ன, அந்தாளுக்கு செலையா வெப்பாங்க?”

அவர் இடியாப்பத்தைப் பிய்த்தார், தின்னவில்லை. “யாரா இருக்கும்? ஆசிக்கா? அவன் பொண்டாட்டிய மொட்டமாடிக்கே அனுப்பமாட்டானே. அஸ்லாமுக்கு ரெண்டும் பையனுங்க.”

“யாரா இருந்தா என்னங்க. பேரு வாங்கிட்டுப் போறாரு.”

“ஒலகமே படிக்குது புள்ள. குவைத்துல எங்கூட இருந்தவன் போனப் போட்டு, லண்டன்ல வந்த ஆளு நீதானாடான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?”

ஜைனம்பு இன்னொரு இடியாப்பம் வைத்தாள். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

“ஃபர்ஹா, அந்த மெயில எடு. வரேன்னு எழுதிப் போடு.”

“அத்தா! நெசமாவா?”

“இன்னொருத்தன் ஒரு நிமிசம் யோசிக்கலயாம். நான் ஒரு வாரம் யோசிச்சுட்டேன். சீக்கிரம் எழுது.”

அவள் உடனே எழுதி அனுப்பினாள். போய்விட்டது என்று பார்த்த பிறகுதான் அவர் சட்டையை மாட்டினார். அந்த ஆள் யாரென்று கண்டுபிடிக்காமல் வீடு திரும்பப்போவதில்லை என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார்.

ஃபர்ஹா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். “யாரும்மா அந்தப் புண்ணியவான்? ஒனக்குத் தெரியுமா?”

ஜைனம்பு வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஒங்க அத்தாவத்தான் சொன்னேன்.”